கைத்தட்டலுக்காக நின்ற ஓலை

எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்த ஆண்டில், அதைவிட உயர்ந்த பொருளாக நான் மதித்தது ஒலிபெருக்கியை. கணிப்பொறி ஓர் அறைக்குள் முடங்கிக் கிடந்தது. ஒலிபெருக்கியோ என் குரலை உத்திரமேரூர்ப் பேருந்து நிலையம் வரை கொண்டு சென்றது. வட்டார அளவிலான பேச்சுப் போட்டிகளில் என் பெயர் பட்டியலில் இருப்பதை அறிந்தால் மற்றப் பள்ளி மாணவியர் இரண்டாம் பரிசைப் பற்றியே பேசிக்கொள்வார்கள் என்று கேள்வி. அந்தக் கேள்வியை நான் மறுத்ததில்லை.

ஊர் நூலகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடிய சொற்பயிற்சி மன்றத்தில் உருவானவள் நான். எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது, எந்தச் சொல்லில் இறக்குவது என்பதெல்லாம் அங்கே விதிகளாக இருந்தன. அவற்றுள் ஒரு விதியை நான் வேதமாகக் கொண்டிருந்தேன்: கைத்தட்டல் வரவேண்டிய இடத்தில் வாயை மூடிக் காத்திரு, வராவிட்டாலும் வந்ததுபோலக் காத்திரு. இந்த விதி எங்களை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணிப்பொறி என்றால் விசைப்பலகையும் அதன் வயிற்றுக்குள்ளேயே மூளையும், மேலே தொலைக்காட்சிப் பெட்டி போன்ற ஒரு திரையும், பக்கத்தில் நாம் எழுதியதைச் சேமித்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டரும். சீருடைத் துணியில் மிஞ்சிய நீலத்தைக் கொண்டு தையல் டீச்சர் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். உறை மிகவும் அழகாக அமைந்துவிட்டதால் அதைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்த கணக்கு டீச்சர் மட்டும் மதிய வேளைகளில் கழற்றுவார். அப்போது அவருக்கு அருகில் தவறாமல் நின்றவள், காவாந்தண்டலத்திலிருந்து பேருந்தில் வரும் என் வகுப்புத் தோழி.

அவளுடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நடவு நட்டு, களை பறித்து அவளைப் படிக்க வைத்தார்கள். பாதி நாள் பேருந்தில் நின்றுகொண்டே வருவாள். வந்ததும் அவள் முதலில் எட்டிப் பார்ப்பது வகுப்பறையை அன்று. நீல உறை போட்ட பொறி இருந்த அந்த அறையைத்தான். சோற்றுத் தூக்கைத் திறக்காமலே மணி அடித்துவிடும் நாட்களும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் அறிவித்தார்: கல்வித் துறை அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார். கணிப்பொறி உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தால், காஞ்சிபுரத்தில் அதற்காகக் காத்திருக்கும் ஒரு பள்ளிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். மாணவிகளே செய்த ஏதாவது ஒன்றை அவருக்குக் காட்டியாக வேண்டும்.

கூட்டம் கலைந்தபோது என் தோழியின் முகம் வெளிறியிருந்தது.

"இது போச்சுன்னா நான் இன்னாத்துக்கு பஸ் ஏறி வர்றது?" என்றாள். "கணக்கும் சயின்சும் எங்க வூட்டுத் திண்ண மேல குந்திக்கினே படிச்சிடுவேன். இது எங்க கெடைக்கும்?"

"நீ செய். நான் பேசுகிறேன். அதிகாரி எழுந்து நின்று கைதட்டுவார்" என்றேன்.

"பேசு, பேசு. ஆனா ஒண்ணு. 'பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட்ட'ன்னு நீ ஆரம்பிச்சே, நான் பிளக்கைப் புடுங்கிடுவேன்."

என்ன காட்டுவது என்று நாங்கள் அலையவில்லை. எங்கள் ஊரில் மேடையேறுகிற எவரும் கோயில் சுவரின் கல்வெட்டைத் தொடாமல் இறங்குவதில்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சபைக்கு ஆள் தேர்ந்த கதையை நாங்கள் வாய்ப்பாட்டைப் போலச் சொல்வோம். நான் அதைச் சொல்ல, திரையில் ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடத்தில் விழ வேண்டும். அதுவே எங்கள் திட்டம்.

"கல்லுல இன்னா எய்திக்கீது? நெலமும் சொந்த வூடும் இருக்கிறவன் பேரைத்தானே போடணும்?" என்று கேட்டாள் அவள். "எங்க நைனா பேரு அந்தக் கொடத்தாண்டகூடப் போயிருக்காது."

"என் பெயர் மட்டும் போயிருக்குமா? பெண்ணுக்கு ஏது ஓலை?"

"அப்ப நம்ம கொடத்துல நம்ம கிளாஸ் பொண்ணுங்க பேரைப் போடுறேன். யாரு வந்து கேக்கிறான் பாப்போம்."

பொறிக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஒவ்வோர் ஓலையிலும் ஒருத்தியின் முதலெழுத்தை ஆங்கிலத்தில் பொறித்தாள். முதல் ஓலை யாருடையது என்பதில் வகுப்பில் ஒரு வாரம் சண்டை நடந்தது. அது என்னுடையதாக அமைந்ததற்கு நான் ஆற்றிய உரையே காரணம்.

ஓலை விழுவது என்பது உண்மையில் விழுவதே அன்று. பொறி ஓர் ஓலையை வரைகிறது, அழிக்கிறது, சற்றுக் கீழே மீண்டும் வரைகிறது. நம் கண் அதை வீழ்ச்சி என்று நம்பிக்கொள்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் அதன் உயிர்நிலை. என் தோழி முதலில் அதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டாள். வரைந்து முடித்ததும், ஒன்றும் செய்யாமல் ஓர் எண் வரை சும்மா எண்ணச் சொல்லி ஒரு வரி எழுதினாள். பொறி எண்ணி முடிப்பதற்குள் கொஞ்ச நேரம் கழியும். பிறகு அடுத்த படம்.

முதல் ஓலை அழகாக விழுந்தது. நான் முதல் வாக்கியத்தை முடிக்கவும் அது குடத்தைத் தொடவும் சரியாக இருந்தது. இரண்டாம் ஓலை சற்றே பிந்தியது. குடம் நிறைய நிறைய ஓலைகள் சோம்பேறிகளாயின. நான் சபையைத் தேர்ந்தெடுத்து, அது செய்த நற்பணிகளையும் சொல்லி முடித்த பிறகும் ஏழாவது ஓலை அந்தரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தாள்.

"பேஜாரா கீதுடி" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். "மொத ஓலை கல்லு மாதிரி வுழுது. கடைசி ஓலை எறும்பு மாதிரி ஊருது. எதைச் சரிபண்ணா எது கெடுதுன்னே தெரியல."

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு படத்திலும் குடத்தையும், அதன் வாயில் எட்டிப் பார்க்கும் ஓலைகளையும் பொறி மறுபடி வரைகிறது. ஓலை கூடக் கூட வரைகிற வேலையும் கூடுகிறது. அந்த வேலை முடிந்த பிறகே அது எண்ணத் தொடங்குகிறது. காரணம் தெரிந்துவிட்டது, மருந்துதான் தெரியவில்லை.

இந்த நோயை நான் அறிவேன். மேடையில் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன். குறுகிய வாக்கியம் சொன்னாலும் நெடிய வாக்கியம் சொன்னாலும், முடித்ததும் ஒரே அளவு ஓய்வு எடுத்துக்கொள்வார்கள். பேச்சு எங்கோ போய்விடும்; நடுவரின் மணி அவர்களைப் பாதி வாக்கியத்தில் பிடித்துக்கொள்ளும். தேர்ந்த பேச்சாளர் தம் ஓய்வைத் தாமே எண்ணுவதில்லை. மணியடிப்பவரின் மேசைக் கடிகாரத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பார். வாக்கியம் நீண்டால் ஓய்வைக் குறைப்பார். வாக்கியம் குறுகினால் ஓய்வை நீட்டுவார்.

"ஏண்டி, உன் பொறி வேலையை முடிச்சிட்டு, அப்புறம்தான் எண்ணுது. வேலைக்கு எவ்வளவு நேரம் போச்சுன்னு பார்க்கவே இல்லை" என்றேன். "எண்ணாதே, கடிகாரத்தைப் பார்னு சொல்லேன். இவ்வளவு பெரிய பொறிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்காதா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கணக்கு டீச்சரின் மேசையிலிருந்த தடித்த கையேட்டைப் பாய்ந்து எடுத்துப் புரட்டினாள்.

"கீது!" என்று கத்தினாள். "நொடிய நூறா ஒடைச்சு எண்ணிக்கினே கீதாம். 'டைம்'னு கேட்டா சொல்லுமாம். சனியனே, இத்தினி நாளா உள்ள ஒளிச்சு வெச்சுக்கினு இருந்தியா?" இந்த வசவு பொறிக்கா எனக்கா என்பது இன்றளவும் தெளிவாகவில்லை.

அன்று மாலையே எண்ணும் வரி போயிற்று. அதனிடத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் வரி வந்தது. இன்ன நேரம் ஆகும் வரை காத்திரு. ஆனதும் அடுத்த படத்தை வரை. அடுத்த கெடுவைக் குறித்துக்கொள். வேலை மிகுந்தால் காத்திருப்பு தானே சுருங்கியது. முதல் ஓலையும் கடைசி ஓலையும் ஒரே நடையில் விழுந்தன. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கணிப்பொறித் துறைக்கு நான் ஆற்றிய தொண்டு அது ஒன்றே. ஆனால் அது சிறிய தொண்டு என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து, நொடிக்கு எத்தனை படம் என்ற வழக்கு எழுந்தது. கூடினால் ஓட்டம் அழகாகும் என்று அவள் கெடுவை மிகவும் நெருக்கமாக வைத்தாள். குடம் வெறுமையாக இருந்தவரை ஓலை வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான்கு ஓலை சேர்ந்ததும், வரைந்து முடிக்கும் முன்பே கெடு கடந்துவிட, பொறி பிந்தத் தொடங்கியது. பழைய நோய் திரும்பியது. சரி என்று கெடுவைத் தள்ளி வைத்தாள். இப்போது ஓலை தவளையைப் போலத் தத்தித் தத்தி இறங்கியது. அதைக் கண்டு கணக்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சிந்தியது. இரண்டுக்கும் நடுவே மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் நொடிக்குப் பத்துப் படம் என்று தீர்ப்பாயிற்று. குடம் நிறைந்த பிறகும் பொறிக்கு மூச்சு வாங்கக் கொஞ்சம் இடமிருந்தது; கண்ணுக்கும் தடுக்கவில்லை.

ஆயினும் என் வாக்கியங்களுக்கு அந்த வீழ்ச்சி வேகமாக இருந்தது. "மெதுவாக விழட்டும். கெடுவைக் கூட்டு" என்று வற்புறுத்தினேன்.

"கூட்டினா மெதுவா வுழாது. நொண்டும். தவக்களையப் பாத்தே இல்ல?" என்று மறுத்தாள். "தாளத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தாட்டியும் எவ்ளோ எறங்குதோ, அதைக் கொறைக்கணும். அடி சின்னதா வெய்யி, நிக்காம நட."

அடியைக் குறைத்தாள். ஓலை மெல்ல, ஆனால் தடையின்றி இறங்கிற்று. அதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். நிதானமாகப் பேசுவது என்பது சொல்லைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவதன்று என்பதும் மன்றத்தின் விதிதான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைத்தட்டலுக்கு இடம் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"ஓலை குடத்தின் வாயருகே வந்ததும் கொஞ்சம் நிற்க வேண்டும்" என்றேன்.

"எதுக்கு?"

"அங்கேதான் என் வாக்கியம் உச்சத்துக்குப் போகிறது. கைத்தட்டல் அடங்கிய பிறகு ஓலை விழட்டும்."

"யாரு தட்டுவா? ஆபீசரா? கொசு கடிச்சா தட்டுவாரு."

வாதத்தில் என்னை வெல்வது அவளால் ஆகாத காரியம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு வரியைச் சேர்த்தாள். வகுப்பு முன்னிலையில் ஒத்திகை பார்த்தபோது, தன் எழுத்துத் தாங்கிய ஓலை வந்து நின்றதும் ஒவ்வொருத்தியும் கூவிக்கொண்டு கைதட்டினாள். தட்டல் அடங்கவும் ஓலை விழவும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. நான் தோழியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் நாக்கைத் துருத்தினாள்.

அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், சிரிக்காத முகம். தலைமையாசிரியையும் கணக்கு டீச்சரும் இருபுறமும் நிற்க, நாற்காலியில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தொடங்கினேன். பொன்னெழுத்துகளைத் தவிர்த்தேன். குரலை உயர்த்தி, கையை உயர்த்தி, "ஓலையில் ஒரு பெயர், அந்தப் பெயரில் ஓர் ஊரின் நம்பிக்கை!" என்று உச்சத்துக்குப் போய் நிறுத்தினேன். என் எழுத்தைத் தாங்கிய ஓலை குடத்தின் வாயருகே வந்து நின்றது.

யாரும் கைதட்டவில்லை. அதிகாரி இருக்கும்போது அவர் தட்டுவதற்கு முன்பாகப் பிறர் கைதட்டும் வழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் விதிப்படி வாயை மூடிக் காத்திருந்தேன். ஓலையும் காத்திருந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"என்னம்மா, நின்னு போச்சா?"

தலைமையாசிரியையின் முகம் சுருங்கியது. அதிகாரி எழுந்து, "ஒருதரம் அணைச்சுப் போடுங்க, சரியாயிடும்" என்று சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். அணைத்தால் எல்லாம் போயிற்று. கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றி முடிக்கும் வரை அவர் அங்கே இருக்கப்போவதில்லை. அந்தக் கணத்தில் விசைப்பலகையருகே நின்ற என் தோழி தன்னந்தனியாகப் படபடவென்று கைதட்டினாள். கணக்கு டீச்சர் திடுக்கிட்டுத் தாமும் சேர்ந்துகொண்டார். ஓலை குடத்தில் விழுந்தது.

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. "அட! கை தட்டினா விழுதா?"

அடுத்த ஓலை வந்து நின்றதும் அவரே தட்டினார். விழுந்தது. மூன்றாவதற்கும் தட்டினார். விழுந்தது. சிரிக்காத முகம் என்று நான் முடிவு கட்டிய முகம் குழந்தைபோல் மலர்ந்திருந்தது.

"இதுக்குள்ள காது எங்கேம்மா இருக்கு? டீச்சர் மாட்டிக் குடுத்தாங்களா?"

'விட்டுடு' என்று தோழியின் கண் என்னிடம் கெஞ்சியது. அவள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. பொறி பிழைத்துவிட்டது, இன்னும் எதற்குப் பேச்சு? நம்பாத கட்சிக்காகவும் பேசி நான் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால் இல்லாத காதைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் கடிகாரத்தை அவர் பாராமலே போவதை என் செருக்கு பொறுக்கவில்லை.

"ஐயா, அதற்குக் காது இல்லை, கடிகாரம் இருக்கிறது. அதை வைத்து நாங்கள் இருவரும் எழுதியது இது. அடுத்த ஓலைக்குத் தட்டாமல் பாருங்கள்" என்றேன்.

அவர் தட்டவில்லை. ஓலை நின்றது; தன் நேரம் வந்ததும் தானே விழுந்தது.

"அப்போ எதுக்கு நடுவிலே நிக்குது?"

"அது இவளுக்குக் கைத்தட்டு வாங்கித் தர நிக்குது சார்" என்றாள் என் தோழி.

தலைமையாசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ நல்லாப் பேசுறே. மனப்பாடம் பண்ணினாலும் நல்லாப் பேசலாம். நீங்களே எழுதினதுன்னா, ஓலை இன்னும் மெதுவா விழற மாதிரி மாத்து பார்க்கலாம். ஆனா நொண்டக்கூடாது."

தோழி விசைப்பலகைக்கு நகர்ந்தாள்.

"நீ இரும்மா. பேசின பொண்ணு செய்யட்டும்."

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த வெளிறிய முகத்தை மறுபடியும் கண்டேன். நான் அதுவரை அந்தப் பலகையில் விளையாட்டாக என் பெயரை அடித்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. அவள் செய்வதைப் பார்த்திருந்தபடியே, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்து, எழுதியிருந்த வரிகளைத் திரைக்கு வரவழைத்தேன். நாங்கள் சண்டையிட்ட இரண்டு வரிகளும் அங்கே இருந்தன. ஒன்றில் கெடு; மற்றொன்றில் அடி. கெடுவைக் கூட்டுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அதைத் தொடவில்லை. அடிக்குரிய வரியை அதன் வரிசை எண்ணோடு மறுபடி அடித்து, எட்டு என்றிருந்ததை நான்காக்கினேன். பிறகு ஓடச் சொன்னேன்.

காற்றில்லாத நாளில் இலை உதிர்வதைப் போல ஓலை இறங்கியது. தத்தவில்லை, தடுக்கவில்லை.

"இந்த நேரத்தை ஏன் கூட்டலை?" திரையில் கண்ட கெடு வரியை அதிகாரி நினைவில் வைத்திருந்தார்.

"கூட்டினால் மெதுவாக விழாது ஐயா, விட்டுவிட்டு விழும். அதைச் சொல்லித் தந்தவள் அவள். பொறியைக் கடிகாரம் பார்க்கச் சொன்னவள் நான்."

அவர் கடைசி ஓலை விழும் வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மேசையில் மடித்து வைத்திருந்த நீல உறையைத் தலைமையாசிரியையிடம் நீட்டினார்.

"இதை வேற எதுக்காவது வெச்சுக்கங்க. பொறி இங்கேயே இருக்கட்டும்."

அவர்கள் வெளியே போனதும் என் தோழி நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தாள். காலையிலிருந்து திறக்காத சோற்றுத் தூக்கைத் திறந்து, எனக்கும் ஒரு கவளம் கொடுத்தாள். மறு கையால் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்கிறாய்?"

"அந்தக் கைத்தட்டு வரி."

"எடுத்துவிட்டாயா?"

"எடுக்கல. கொஞ்சம் கொறைச்சிக்கீறேன்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உன் பேச்சுக்கு இவ்ளோ போதும்."